மேக்கொங் ஆற்றின் மீது ஜப்பான் கட்டிய பாலங்கள்: உதவியா, வியாபாரமா?

ஓடம்போக்கி:
கம்போடியாவின் 500 ரியல் நோட்டில் ஒரு பக்கம் அரசர். மறுபக்கம் இரண்டு பாலங்கள், கூடவே ஜப்பானியக் கொடி. தன் பணத்தாளில் இன்னொரு நாட்டின் கொடியை அச்சடிக்க எவ்வளவு நன்றி இருக்க வேண்டும்! 2001இல் கம்போங் சாமில் திறந்த கிசுனா, 2015இல் நியாக் லியுங்கில் திறந்த சுபாசா. இரண்டும் கடனல்ல, நன்கொடை. சுபாசா வருமுன் அந்தத் துறையில் படகுக்காக மூன்று மணி நேரம் பேருந்தில் கிடந்திருக்கிறேன். சன்னலோரம் பொரித்த வெட்டுக்கிளி விற்ற அம்மாவிடம் இரண்டு முறை வாங்கித் தின்றாயிற்று, படகு வந்தபாடில்லை. சீனக் கடனைவிட ஜப்பானின் வழி மேல் என்பது என் கட்சி.

கணக்கன்:
வெட்டுக்கிளி இருக்கட்டும், வரவுசெலவுக்கு வாருங்கள். அந்த நன்கொடைப் பாலத்தைக் கட்டியது ஜப்பானிய நிறுவனம். டோக்கியோவில் புறப்பட்ட பணத்தில் ஒரு பங்கு டோக்கியோவுக்கே போய்ச் சேர்ந்தது. பாங்காக்கிலிருந்து கம்போடியத் தலைநகர் புனோம் பென் வழியாக வியட்நாமின் ஹோ சி மின் நகரம் செல்லும் சாலையில் அறுந்து கிடந்த கண்ணி அது. சாலையின் இரு முனையிலும் ஆலை வைத்திருப்பவர்கள் யார்?

கடன் என்றால் இன்னும் வேடிக்கை. ஜப்பான் தரும் கடன்களில் ‘ஸ்டெப்’ என்று ஒரு வகை. வட்டி பெயருக்குத்தான். ஆனால் முதன்மை ஒப்பந்ததாரர் ஜப்பானியராக இருக்க வேண்டும். பொருள்களிலும் சேவைகளிலும் குறைந்தது 30 விழுக்காடு ஜப்பானிலிருந்து வர வேண்டும். ஹோ சி மின் நகரின் முதல் மெட்ரோ தடம் இப்படி வந்ததுதான். செலவு, 2007இல் 17 லட்சம் கோடி டாங் (வியட்நாம் நாணயம்) என்றார்கள். 43 லட்சம் கோடியைத் தாண்டியது. 2012இல் தொடங்கிய வேலை, ரயில் ஓடியது 2024 டிசம்பரில். வட்டியில் விட்டதை விலையில் பிடித்துக்கொள்வதற்கு உதவி என்றா பெயர்?

ஓடம்போக்கி:
மெட்ரோ தாமதத்தில் பாதிப் பழி வியட்நாமின் கோப்புகளுக்கு. திருத்திய மதிப்பீட்டுக்கு ஒப்புதல் கிடைக்காமல் ஒப்பந்ததாரர்களுக்குப் பணமே போகாத காலம் உண்டு. பாலத்தைப் பொறுத்தவரை, கொடுத்தவருக்கும் ஆதாயம் இருந்ததால் லாரிக்காரருக்கு ஆறு அகலமாகிவிட்டதா?

தண்ணீர்ப்பந்தல்:
இருவரும் கான்கிரீட்டை விட்டு இறங்கவே மாட்டீர்களா? புனோம் பென் குடிநீரைப் பாருங்கள். போருக்குப் பின் குழாயில் விட்ட தண்ணீரில் 70 விழுக்காட்டுக்கு மேல் கசிந்தோ திருடு போயோ வீணானது. 1993இல் ஜப்பான் அரசின் உதவி நிறுவனமான ஜைகா நகருக்கே பெருந்திட்டம் வகுத்தது. பிறகு ஜப்பானின் கிடாக்கியூஷு நகராட்சியின் நீர்ப் பொறியாளர்கள் வந்து, அங்கிருந்தவர்களோடு நின்று வேலை கற்றுக்கொடுத்தார்கள். இழப்பு 10 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கியது. குழாயைத் திறந்து அப்படியே குடிக்கலாம். எந்த நோட்டிலும் இதற்குப் படம் கிடையாது.

கணக்கன்:
இதை ஒப்புக்கொள்கிறேன், ஆனால் பாதிதான். பெரிய மனிதர் வீடுகளிலும் மீட்டர் மாட்டி, கள்ள இணைப்புகளை அறுத்தவர் குடிநீர் வாரியத் தலைவர் ஏக் சொன் சான். 2006இல் மகசேசே விருது அவருக்குத்தான் போனது. அவர் இல்லாத ஊரில் இதே பெருந்திட்டம் அலமாரியில் தூங்கியிருக்கும்.

இன்னொன்று. இவ்வளவு கொட்டியும் ராஜதந்திரத்தில் ஜப்பான் கண்ட பலன் என்ன? 2012 ஜூலையில் புனோம் பென்னில் கூடிய, தென்கிழக்காசிய நாடுகளின் அமைப்பான ஆசியானின் வெளியுறவு அமைச்சர்கள், தென்சீனக் கடல் பூசலில் கூட்டறிக்கையே வெளியிடாமல் கலைந்தார்கள். அமைப்பின் வரலாற்றில் அதுவே முதல் முறை. தலைமை தாங்கிய கம்போடியா சாய்ந்தது சீனா பக்கம்.

ஓடம்போக்கி:
பலன் இல்லை என்றால் வீண் என்கிறீர்கள்; பலன் கண்டால் வியாபாரம் என்கிறீர்கள். ஏதாவது ஒன்றில் நில்லுங்கள் ஐயா! சீனா பணம் போட்டு விரிவாக்கிய கம்போடியாவின் ரீம் கடற்படைத் தளத்துக்கு, 2025 ஏப்ரலில் திறப்பு முடிந்ததும் முதலில் வந்த வெளிநாட்டு விருந்தாளிக் கப்பல்கள் யாருடையவை? ஜப்பானின் கண்ணிவெடி அகற்றும் கப்பல்கள் இரண்டு. கம்போடியாவே அழைத்தது.

கணக்கன்:
ரீம் செய்தி எனக்குப் புதிது. குறித்துக்கொண்டேன். அந்த 30 விழுக்காட்டு விதியை எடுக்கட்டும், உதவி என்று நானும் எழுதுகிறேன்.