மறு: மறு: கீரையில் புகை – வெள்ளிக்கிழமைக்குள் சொல் வேண்டும்

அனுப்புநர்: அங் மோ கியோ மொழிபெயர்ப்பாளர்

குழுவினருக்கு வணக்கம். புகைமூட்டக் காலத்தில் காய்கறிச் செடிகளைப் பராமரிப்பது பற்றி எங்கள் வட்டாரச் சமூகத் தோட்டம் ஒரு துண்டறிக்கை வெளியிடுகிறது. சீனமும் மலாயும் தயார். தமிழ்தான் பாக்கி. வெள்ளிக்கிழமை அச்சகத்துக்குப் போகவேண்டும்.

முன்கூட்டியே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். மூலக் குறிப்புகளில் பாதி, 2020 காட்டுத்தீயின்போது கலிஃபோர்னியாவில் திறந்தவெளியில் கஞ்சா பயிரிட்டவர்கள் பட்டுத் தெரிந்துகொண்டவை. அங்கே 2016 வாக்கெடுப்புக்குப் பிறகு அது சட்டம் அனுமதிக்கும் பயிர். இங்கே சிங்கப்பூரில் ஒரு செடி வளர்த்தாலும் குற்றம். ஆகவே பயிரை விட்டுவிட்டுச் செய்முறையை மட்டும் எடுத்திருக்கிறோம்.

கஞ்சாப் பூவில் பிசின் சுரக்கும் நுண்மயிர்கள் அடர்ந்திருக்கும். விழுகிற சாம்பல் அப்படியே ஒட்டிக்கொள்ளும். முதலில் காற்றடித்து ஊதிவிட்டு, பிறகுதான் தண்ணீர் தெளிக்கிறார்கள். ஈரம் பட்ட சாம்பல் குழம்பாகி இலையைப் பற்றிக்கொள்ளும். அதன் காரத்தன்மையும் செடிக்கு ஆகாது. இது மேலே நிற்பது, கழுவினால் போய்விடும். இன்னொன்று உள்ளே இறங்குவது. புகையிலுள்ள குவாயகோல் போன்ற பொருள்கள் திராட்சைக்குள் புகுந்து சர்க்கரையோடு பிணைந்துகொள்கின்றன. பழத்தைத் தின்றால் பெரிதாகத் தெரியாது. மது நொதிக்கும்போது கரிந்த சுவை தலைகாட்டும். இதை 'ஸ்மோக் டெய்ன்ட்' என்கிறார்கள். கழுவினால் போவதற்கு ஒரு சொல், போகாததற்கு ஒரு சொல் வேண்டும். வாசிப்பவர்கள் ஒன்றை மற்றொன்றாக எண்ணிவிடக் கூடாது.

அனுப்புநர்: பூன் லே புலவர்

தம்பி, இதற்கா இவ்வளவு கவலை? முதலாவது சாம்பற்படிவு. இரண்டாவது புகைநாற்றம். 'சாம்பல்படிவு' என்று எழுதிவிடாதீர்கள். வல்லினம் வந்தால் லகரம் றகரமாகும். சாம்பல் என்ற சொல்லே 'சாம்புதல்' என்பதிலிருந்து வந்தது என்பது என் நெடுநாள் எண்ணம். சாம்புதல் என்றால் வாடுதல், கூம்புதல். நெருப்பு வாடி எஞ்சியது சாம்பல். அது விழுந்த இலையும் சாம்பும். வேரிலேயே பொருள் கிடக்கிறது, பாருங்கள். சாவு, சாய்வு, சாம்பு ஆகிய மூன்றையும் ஒரே அடியில் வைத்துப் பார்த்தால் இன்னும் தெளிவாகும். நாளை விரிவாக எழுதுகிறேன்.

அனுப்புநர்: தெம்பனீஸ் ஆசிரியை

புலவர் ஐயா, புணர்ச்சி விதி சரி. ஆனால் 'சாம்பற்' என்று அச்சிட்டால் என் உயர்நிலை மாணவர்கள் அதைச் சாம்பாரோடு சேர்த்துவிடுவார்கள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. வீட்டில் ஆங்கிலம் பேசும் பிள்ளைக்குச் 'சாம்பல்' என்ற எழுத்துருவம்தான் அடையாளம். அதைக் கலைத்தால் சொல்லே போய்விடுகிறது.

'நாற்றம்' பற்றி நீங்கள் என்ன சொல்வீர்கள் என்பதும் தெரியும். ஒரு காலத்தில் அது நறுமணத்தையும் குறித்தது. ஒப்புக்கொள்கிறேன். இன்று 'புகைநாற்றக் கீரை' என்று எழுதினால் தோட்டத்துக்கு யாரும் வரமாட்டார்கள். நான் 'புகைபிடித்த கீரை' என்று எழுத நினைத்தேன். சமையலறையில் புகைபிடித்த பால் என்கிறோமே. ஆனால் ஊர் முழுக்கப் 'புகைபிடிக்காதீர்' பலகை. கீரைக்கு அபராதம் விதிப்பார்களா என்று வகுப்பில் கேட்பார்கள்.

அனுப்புநர்: யீஷூன் தோட்டக்காரர்

இரண்டு சொற்களும் வேண்டாம். 'சாம்பல் நோய்' என்று ஏற்கெனவே ஒன்று இருக்கிறது: வெண்டை, பூசணி இலைகளில் வெள்ளைப் பொடியாகப் பூக்கும் பூஞ்சணம். 'சாம்பற்படிவு' என்று எழுதினால் நோய் என்று நினைத்து மருந்து தெளிப்பார்கள். புகையை வைத்துப் பெயரிட்டாலும் தப்பமுடியாது. நெற்பயிரில் 'புகையான்' என்பது பூச்சி. நம் உழவர்கள் நெருப்பு தொடர்பான சொல்லையெல்லாம் பயிர்நோய்க்கும் பூச்சிக்கும் கொடுத்துவிட்டார்கள்.

அதைவிடப் பெரிய சங்கதி: நமக்குச் சாம்பலே வருவதில்லை. கலிஃபோர்னியாவில் தீ பக்கத்து மலையில். நமக்குச் சுமத்ராவில் கரிமண் நிலம் புகைந்து, கடல் தாண்டி வருகிறது. கனத்தது வழியிலேயே விழுந்துவிடும், வந்து சேர்வது நுண்துகள். 2013 ஜூன் 21 நண்பகல் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 401ஐத் தொட்டதே, அன்று மாலை வெண்டை இலையைக் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தேன். சாம்பல் இல்லை. மங்கிய பழுப்பில் ஒரு பிசுக்கு. இலைமயிர் இருக்கும் அடிப்பக்கத்தில் இன்னும் கூடுதல். கங்குங் கீரையில் அவ்வளவு இல்லை, அதன் இலை வழவழப்பு. இல்லாத சாம்பலுக்கு ஏன் பெயர் வைக்கிறீர்கள்?

அனுப்புநர்: உட்லண்ட்ஸ் வாசகர் (யாழ்ப்பாணம்)

அண்ணர் சொல்வது சரி. என்றாலும் 'நீறு' என்ற சொல்லை ஏன் எல்லோரும் மறந்தீர்கள்? எங்களூரில் நீற்றுப்பூசணி என்போம். காயின் மேல் வெண்மையாய்ப் படிந்திருக்குமே, அதைப் பார்த்து வைத்த பெயர். சுண்ணாம்பை நீற்றுகிறோம். 'நீறு பூத்த நெருப்பு' எல்லோருக்கும் தெரியும். அந்த வழியில் இலைமேல் படிவதை 'நீறுபூப்பு' எனலாம். மெல்லிய படலத்துக்கும் பொருந்தும்.

அனுப்புநர்: தெம்பனீஸ் ஆசிரியை

அழகான சொல். ஆனால் நீறு என்றதும் நெற்றிதான் நினைவுக்கு வரும். பல சமயத்தவர் வரும் தோட்டம் ஐயா.

அனுப்புநர்: பூன் லே புலவர்

நீறுபூப்பு நன்று. 'நீறு' என்பதன் அடி 'நுறு', அதாவது நொறுங்குதல் என்று கொள்ள இடமிருக்கிறது. நூறு என்னும் எண்ணையும் இங்கே பொருத்திப் பார்க்கலாம். உள்ளே இறங்கும் புகைக்குப் 'புகையூறல்' எப்படி? ஊறுகாய் போல் உள்ளே ஊறுவது.

அனுப்புநர்: அங் மோ கியோ மொழிபெயர்ப்பாளர்

ஐயா, 'ஊறல்' என்றால் தமிழ்நாட்டுச் செய்தித்தாள்களில் கள்ளச்சாராயம் காய்ச்சும் கலவை. கஞ்சாவை வெட்டி எடுத்த அறிக்கையில் சாராயத்தைச் சேர்க்க எனக்குத் துணிவில்லை.

நூறுக்குத் தனி இழை திறந்துகொள்ளுங்கள், தயவுசெய்து. நாளை வெள்ளி. இதுவரை தனிமடலில் வந்தவற்றையும் சேர்த்துப் பார்த்தால், 'புகைவாடை' என்பதற்குத்தான் ஆதரவு அதிகம். யாரும் அதை விரும்பிச் சொல்லவில்லை, எதிர்க்கவில்லை, அவ்வளவே. இலைமேல் இருப்பதற்குக் கலைச்சொல் இல்லாமலே 'இலையில் படியும் தூசியை ஊதிவிட்டுக் கழுவுங்கள்' என்று எழுதிவிட்டேன். அடுத்த வரி: 'புகைவாடை ஏறிய கீரையைக் கழுவினாலும் வாடை போகாது'. அனுப்பிவிடுகிறேன்.

அனுப்புநர்: யீஷூன் தோட்டக்காரர்

சரி. 'ஊதிவிட்டு' என்பதை மேலேயே பெரிய எழுத்தில் போடுங்கள். எல்லோரும் முதலில் குழாயைத்தான் திறப்பார்கள்.

அனுப்புநர்: பூன் லே புலவர்

பெரும்பான்மைக்குக் கட்டுப்படுகிறேன். ஆனால் பதிவுக்காக என் மறுப்பு. வாடை என்பது வடக்கிலிருந்து வீசும் காற்று. தெற்கே தென்றல், கிழக்கே கொண்டல், மேற்கே கோடை. நமக்குப் புகை வருவதோ தென்மேற்குப் பருவக்காற்றில், சுமத்ராவிலிருந்து. தென்மேற்கிலிருந்து வருவதை வாடை என்று அச்சிட்டு வட்டாரமெங்கும் கொடுக்கப்போகிறீர்கள். 'புகைக்கோடை' என்றாவது யோசித்திருக்கலாம்.

அனுப்புநர்: தெம்பனீஸ் ஆசிரியை

ஐயா, கோடை என்றால் பிள்ளைகளுக்கு விடுமுறை.