பாண்டி ட்ரிப்ல அம்மா அப்பாவுக்கு போட்டோஷூட், 2 மணி நேரத்துல 8 இடம்னு சொல்றாங்க, அட்வான்ஸ் குடுக்கலாமா?

கோவை_கவி:
எல்லாருக்கும் வணக்கமுங்க. பிப்ரவரில மூணு நாள் பாண்டிச்சேரி போறோம், அப்பா அம்மா, நான், வீட்டுக்காரர், தம்பி, தம்பி சம்சாரம், அவங்க பையன் ரெண்டு வயசு. அப்பாவுக்கு எழுபது முடியுது, ஹோமம் சாந்தி எதுவும் வேண்டாம்னுட்டார், உங்கம்மாவுக்கு கடல் புடிக்கும் எங்கயாச்சும் கூட்டிட்டு போங்கன்னு மட்டும்தான் சொன்னார். எங்க வீட்ல அவங்க ரெண்டு பேர் மட்டும் சேந்து நிக்கற போட்டோ ஒண்ணே ஒண்ணுதாங்க, கல்யாணத்தன்னிக்கு ஸ்டுடியோல எடுத்த கருப்பு வெள்ளை, அதுலயும் மழைல சுவர் ஓதம் இறங்கி அம்மா பக்கம் பாதி போயிருச்சு. அதனால இந்த தடவை ஒரு போட்டோகிராஃபர் வச்சு ஒழுங்கா எடுத்துரணும்னு நானும் தம்பியும் முடிவு பண்ணோம்.

இன்ஸ்டால பாத்து ஒருத்தர் கூட வாட்ஸ்அப்ல பேசினேன். 2 மணி நேரம் 12,000 ரூபா, 6,000 இப்பவே ஜிபே பண்ணுங்கன்னார். பீச் ரோடு, காந்தி சிலை, பழைய லைட்ஹவுஸ், ரோஸ் கலர் சர்ச், ரோமன் ரோலண்ட் தெரு, பாரதி பூங்கா, ஸ்டேஷன் கிட்ட இருக்கற பெரிய சர்ச், கடைசியா செரினிட்டி பீச்னு 8 இடம் லிஸ்ட் போட்டு அனுப்பியிருக்கார். அம்மாவுக்கு முழங்கால் வலி, பத்து நிமிஷம் சேந்தாப்ல நடந்தா எங்கயாச்சும் உக்காரணும். இது முடியுமா?

இன்னொண்ணும் சொல்லணும். ரெண்டு வருஷம் முன்னாடி ஒரு மலை ஊருக்கு போனப்ப இதே மாதிரி ஒருத்தரை வச்சு எடுத்தோம். எங்கம்மா நல்ல கருப்பு. வந்த போட்டோல அம்மா முகத்துல மாவு பூசின மாதிரி வெளுக்க வச்சிருந்தாங்க, மூக்குத்தி பக்கத்துல இருக்கற மச்சத்தையும் அழிச்சுட்டாங்க. அம்மா போனை கைல வச்சு ரொம்ப நேரம் பாத்துட்டு, நான் இப்படி இருந்திருந்தா உங்கப்பத்தா என்னை அந்த பேச்சு பேசியிருக்க மாட்டாங்கன்னு சொல்லிட்டு எந்திரிச்சு போயிட்டாங்க. எனக்கு அது இன்னும் ஆறலைங்க. அந்த போட்டோ ஒண்ணு கூட பிரிண்ட் போடல. மறுபடி அப்படி ஆகாம இருக்க முன்னாடியே என்ன கேக்கணும்? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

கடலூர்_லென்ஸ்:
அக்கா, நான் கல்யாண போட்டோ வேலைல இருக்கேன், பாண்டில மாசத்துக்கு நாலஞ்சு ஷூட் பண்றவன்தான். 8 இடம் நடக்கவே நடக்காது. செரினிட்டி டவுன்லயே இல்ல, வடக்க கோட்டக்குப்பம் பக்கம், தமிழ்நாட்டு எல்லைக்குள்ள இருக்கு, போக வர அரை மணிக்கு மேல அதுக்கே போயிடும். மிச்சம் ஏழு இடத்துக்கு வண்டில ஏறி இறங்கி, குழந்தைக்கு தண்ணி குடுத்து, அம்மாவை உக்கார வச்சு எழுப்பினா ஒரு இடத்துக்கு எட்டு நிமிஷம் கூட மிஞ்சாது. அவ்ளோ அவசரத்துல எடுத்தா எல்லார் முகத்துலயும் களைப்புதான் தெரியும்.

மூணு இடம் போதும், எல்லாமே காலைல. பிப்ரவரில ஆறரை வாக்குல சூரியன் வரும், நீங்க ஆறு பத்துக்கே பீச் ரோட்ல இருக்கணும். எல்லாரும் கடலுக்கு முதுகு காட்டி நிப்பாங்க, அப்படி நின்னா முகம் இருட்டிடும், அந்த இருட்டை எடிட்ல தூக்கும்போதுதான் கருப்பா இருக்கறவங்க தோல் சாம்பல் பூத்த மாதிரி ஆகும். சூரியன் வர்றதுக்கு முன்னாடி இருக்கற மெத்து வெளிச்சத்துல கடலை பின்னாடி வச்சு கொஞ்சம் எடுத்துக்கங்க, சூரியன் வந்ததும் அவங்களை கடலைப் பாக்க திருப்பி நிறுத்த சொல்லுங்க. அந்த காலை வெயில் உங்கம்மா கலருக்கு அவ்ளோ அழகா உக்காரும், நான் உறுதியா சொல்றேன்.

அடுத்து டூமா தெரு ரோஸ் கலர் சர்ச். 1855ல கட்டினது, முகப்பு கிழக்க பாத்து இருக்கறதால ஏழு மணிக்கு வெயில் நேரா விழும், எதுத்தாப்ல ஜோன் ஆஃப் ஆர்க் சிலை இருக்கற சின்ன பூங்கா. மூணாவது ஏதாவது ஒரு மஞ்சள் சுவர் தெரு. இங்க ஒரு விஷயம், ஒட்டி சாய்ஞ்சு நிக்க வேண்டாம், மஞ்சள் சுவர்ல பட்டு வர்ற வெளிச்சம் கன்னத்துல மஞ்சளா ஏறும், அதை எடுக்கறேன்னு எடிட்ல கலரை இழுத்து இழுத்துதான் கடைசில முகமே மாறிப் போகுது. அஞ்சடி தள்ளி நிறுத்துங்க. அம்மா மஞ்சள் புடவை கட்ட வேண்டாம், அரக்கோ இலைப் பச்சையோ நல்லா இருக்கும்.

முத்தியால்பேட்டை_செந்தில்:
சகோதரி, ஊர்க்காரனா சில விஷயம் சொல்றேன். சனி ஞாயிறு வராதீங்க, பெங்களூர் சென்னை கூட்டம் பூரா ஒயிட் டவுன்லதான், அதாவது கடலை ஒட்டின பழைய பிரெஞ்சு பகுதிலதான் நிக்கும், ஒவ்வொரு தெரு முனைலயும் கல்யாணத்துக்கு முந்தின ஷூட் ஒண்ணு ஓடும், சர்ச்ல ஞாயித்துக்கிழமை பூசை வேற. செவ்வாய் புதன் வாங்க.

பீச் ரோட்ல சாயங்காலம் ஆறுலேர்ந்து காலை ஏழரை வரைக்கும் வண்டி விடமாட்டாங்க. நடக்க நல்லா இருக்கும், ஆனா உங்கம்மாவுக்காக இதை யோசிச்சு வைங்க, காரை குறுக்குத் தெரு முனை வரைக்கும் கொண்டு வந்து இறக்கிட்டா ரோட்டைத் தாண்டினதும் கடல்தான். ஓரமா கட்டை சுவர் இருக்கு, உக்காந்துக்கலாம். அங்க உக்காந்த மாதிரியே எடுக்க சொல்லுங்க, நிக்க வைக்கணும்னு என்ன இருக்கு.

அப்புறம் அந்த தெருவெல்லாம் வீடுங்க, ஜனங்க குடியிருக்கற வீடு. காகிதப்பூ தொங்குதுன்னு வாசப்படில ஏறி உக்காந்துடறாங்க, கதவைத் தொறந்து பால் வாங்க வெளிய வர்ற வயசானவங்க ஒதுங்கி நிக்க வேண்டியிருக்கு. போட்டோகிராஃபர் கூட்டிட்டு போறாரேன்னு நீங்களும் ஏறிடாதீங்க, ஆள் இருந்தா ஒரு வார்த்தை கேளுங்க, சரின்னுடுவாங்க பெரும்பாலும். அரவிந்தர் ஆசிரமத்துக்குள்ள அனுமதி இல்லாம போட்டோ எடுக்க முடியாது, மூணு வயசுக்கு கீழ குழந்தைகளை விடவும் மாட்டாங்க, அதனால தம்பி பையனை வச்சுக்கிட்டு அங்க போய் நிக்க வேண்டாம்.

இன்னும் ஒண்ணு, எல்லாரும் பிரெஞ்சு பக்கமே போறாங்க. பிரெஞ்சு பக்கத்தையும் தமிழ் பக்கத்தையும் பிரிக்கற வாய்க்காலுக்கு இந்தப் பக்கம் வைசியாள் வீதின்னு இருக்கு, தமிழ் வீடுங்க, தூணும் திண்ணையுமா வரிசையா இருக்கும், அந்த வீதியை பழுது பாத்ததுக்கு 2008ல யுனெஸ்கோ விருது கூட குடுத்தாங்க. உங்கப்பா வயசுக்காரங்க அந்தத் திண்ணையைப் பாத்தா தானா பேச ஆரம்பிச்சுடுவாங்க.

ரேவதி_மடிப்பாக்கம்:
கவி, அம்மா விஷயம் படிச்சு மனசுக்கு கஷ்டமா இருந்துச்சுப்பா. என் அக்கா பொண்ணு வளைகாப்புல எங்களுக்கும் இதேதான் நடந்துச்சு, கேட்டா எல்லாரும் வெள்ளையா இருந்தாத்தான் மேடம் சந்தோஷப்படறாங்கன்னு பதில். அதுலேர்ந்து நான் புக் பண்றதுக்கு முன்னாடி ரெண்டு கேப்பேன். இன்ஸ்டால போடறது பொறுக்கி எடுத்த பத்து, அதை நம்பாதீங்க, ஒரே ஒரு குடும்பத்துக்கு குடுத்த முழு செட்டையும் காட்டுங்கன்னு கேளுங்க, அந்தக் குடும்பம் சம்மதிச்ச செட்டா இருக்கணும். அதுல கருப்பா இருக்கறவங்க, வயசானவங்க இருக்காங்களா, அவங்க கை என்ன கலர் முகம் என்ன கலர்னு பாருங்க. முகத்தை மட்டும் வெளுத்தா கை காட்டிக் குடுத்துடும்.

ரெண்டாவது, போன்ல பேசினதை நம்பாம வாட்ஸ்அப்ல எழுதி அனுப்பி, சரின்னு பதில் வாங்கிட்டு அப்புறம் பணம் போடுங்க. நான் அனுப்பறது இந்த மாதிரி, உங்களுக்கு தகுந்தாப்ல மாத்திக்கங்க: "அண்ணா, நாம பேசினபடி நீங்களேதான் வர்றீங்க, வேற ஆள் இல்ல. காலை 6.10லேர்ந்து 8.10 வரை. எடுத்ததுல நல்லா வந்த எல்லாமே எடிட் பண்ணாம ஜேபெக்கா குடுக்கணும், நாங்க பொறுக்கற 40 எடிட் பண்ணி 15 நாளுக்குள்ள. தோல் கலரை மாத்தக் கூடாது, சுருக்கம், மச்சம், தழும்பு எதையும் எடுக்கக் கூடாது. முதல்ல 3 போட்டோ எடிட் பண்ணி காட்டுங்க, ஓகே சொன்னப்புறம் மிச்சம் பண்ணுங்க. மழை வந்தா மறுநாள் காலை, கூடுதல் காசு இல்ல." அந்த மூணு போட்டோ சாம்பிள்தான் முக்கியம், நாப்பதையும் முடிச்சப்புறம் திருத்தச் சொன்னா யாருமே செய்ய மாட்டாங்க.

தஞ்சை_மணி:
எதுக்கு இவ்ளோ செலவு. இப்ப இருக்கற போன்லயே நல்லா வருது, வீட்ல யாராச்சும் எடுங்க, 12,000க்கு அம்மாவுக்கு ஒரு பட்டுப் புடவை எடுக்கலாம். தெரியாத ஆள் முன்னாடி பெரியவங்க சிரிக்கவே மாட்டாங்க, வெறைச்சுப் போய் நிப்பாங்க.

கோவை_கவி:
மணி அண்ணா, நீங்க சொல்றது எனக்கும் தோணுச்சு. ஆனா எங்க வீட்டு போட்டோ எல்லாத்துலயும் யாராச்சும் ஒருத்தர் இருக்க மாட்டோம், எடுக்கறவங்க வெளிய நிக்கணும்ல, பெரும்பாலும் அது எங்கப்பாதான். ஏழு பேரும் சேந்து ஒண்ணு வேணும், அவங்க ரெண்டு பேரும் ஒண்ணு வேணும், அவ்ளோதாங்க ஆசை.

கடலூர்_லென்ஸ்:
மணி அண்ணன் சொன்ன வெறைப்பு உண்மைதான். அதுக்குதான் முதல் இருபது நிமிஷம் பெரியவங்களை எடுக்கவே கூடாது, குழந்தையை எடுக்கணும், அவங்க பேரனைப் பாத்துக்கிட்டு இருப்பாங்க, அப்ப தள்ளி நின்னு எடுக்கற 85 எம்எம் லென்ஸ்ல தூரத்துலேர்ந்து அவங்களுக்கே தெரியாம எடுத்துடலாம். கிட்ட வந்து எடுக்கற 35 எம்எம் லென்ஸ் வச்சுக்கிட்டு மூஞ்சிக்கு நேரா வந்தா யாருக்கும் கூச்சமாத்தான் இருக்கும். உங்க ஆள் கிட்ட இதை சொல்லி வைங்க.

எங்க பக்கத்து நியாயத்தையும் சொல்லிடறேன். அட்வான்ஸ் கேக்கறது தப்பில்ல, உங்களுக்குன்னு ஒரு காலையை ஒதுக்கினா அன்னிக்கு வேற வேலை எடுக்க முடியாது, ஆனா பாதி கொஞ்சம் அதிகம், கால்வாசி கேட்டுப் பாருங்க. ரா ஃபைல், அதாவது கேமரா பதிவு பண்ணினது அப்படியே இருக்கற ஃபைல், கேட்டா பல பேர் குடுக்க மாட்டோம், அது வேகாத அரிசி மாதிரி, பாக்க மங்கலா இருக்கும், அதைப் போய் நாலு பேர் கிட்ட காட்டினா எங்க பேர் கெடும். ரேவதி அக்கா சொன்ன மாதிரி எடிட் பண்ணாத ஜேபெக் கேட்டா தருவோம். வாட்ஸ்அப்ல சும்மா அனுப்பச் சொல்லாதீங்க, சுருங்கிப் போயிடும், டிரைவ் லிங்க் வாங்குங்க.

ஓசூர்_பாலா:
சட்டப்படியும் ஒண்ணு தெரிஞ்சு வச்சுக்கங்க. 1957 பதிப்புரிமைச் சட்டம் 17வது பிரிவுல, காசு குடுத்து ஒருத்தர் கேட்டு எடுக்கற போட்டோவுக்கு, வேற மாதிரி ஒப்பந்தம் இல்லாத பட்சத்துல, கேட்டவங்கதான் முதல் உரிமையாளர்னு இருக்கு. வேற மாதிரி ஒப்பந்தம்ங்கறதுதான் கவனிக்க வேண்டியது, அவங்க அனுப்பற ஃபார்ம்ல எங்க பேஜ்ல போட்டுக்குவோம்னு ஒரு வரி இருக்கும், குழந்தை போட்டோ இருக்கு, விருப்பம் இல்லன்னா அந்த வரியை எடுக்கச் சொல்லிட்டு பணம் போடுங்க.

கோவை_கவி:
எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க. நேத்து ரேவதி அக்கா எழுதினதையே கொஞ்சம் மாத்தி அனுப்பினேன். பாதி நாள் பதிலே இல்ல. அப்புறம்தான் அன்னிக்கு அவர் வர்றதா இல்ல, டீம்ல ஒரு பையனை அனுப்பறதா இருந்தாராம்னு தெரிஞ்சது, முழு செட்டும் காட்ட முடியாதுன்னுட்டார். விட்டுட்டோம். உள்ளூர்லயே ஒரு பொண்ணு எடுக்கறாங்கன்னு தெரிஞ்சவங்க சொன்னாங்க, 10,000, அட்வான்ஸ் 2,500, ஒரு குடும்பத்தோட 60 போட்டோ அவங்க சம்மதத்தோட அனுப்பினாங்க, அதுல ஒரு பாட்டி கை நரம்பு, பச்சை குத்தினது எல்லாம் அப்படியே இருந்துச்சு. அதைப் பாத்ததும் சரின்னுட்டேன். புதன்கிழமை காலை, பீச் ரோடும் சர்ச்சும் வைசியாள் வீதியும்.

கோவை_கவி:
போயிட்டு வந்தாச்சுங்க. அன்னிக்கு மேகமா இருந்துச்சு, சூரியன் ஏழு மணி வரைக்கும் வெளியவே வரல, நான் பதறிட்டேன், அந்தப் பொண்ணு இதுவும் நல்ல வெளிச்சம்தான் அக்கான்னாங்க. சர்ச்சுல அஞ்சு நிமிஷம்தான், பையன் அழுக ஆரம்பிச்சுட்டான். பீச் ரோட்ல கட்டை சுவர்ல அம்மா செருப்பைக் கழட்டி வச்சுட்டு உக்காந்தாங்க, அப்பா பக்கத்துல நின்னு அம்மா கொசுவம் காத்துல பறக்காம கையால புடிச்சுக்கிட்டார், அவர் அப்படி புடிச்சிருக்கறதே அவருக்குத் தெரியாது, அந்த நேரம் பாத்து எடுத்திருக்காங்க. நேத்து மூணு சாம்பிள் வந்துச்சு. அம்மா கலர் அம்மா கலர்தான். மச்சம் இருக்கு. அம்மா பெருசு பண்ணி பெருசு பண்ணி பாத்துட்டு, உங்கப்பாவுக்கு இன்னும் என் கொசுவத்து மேல ஒரு கண்ணுன்னாங்க.

இதை 12க்கு 18 இஞ்ச்ல பிரிண்ட் போட்டு அந்த பழைய கருப்பு வெள்ளை பக்கத்துல மாட்டணும்னு தம்பி சொல்றான். ஹால்ல ட்யூப்லைட் நேரா அடிக்கும், பளபளப்பு இல்லாத மேட் பேப்பர் போடறதா, பளபளப்பான கிளாஸியா?

கடலூர்_லென்ஸ்:
மேட் போடுங்க அக்கா, கிளாஸி போட்டா ட்யூப்லைட் கோடு கோடா தெரியும். 24 மெகாபிக்சல் ஃபைல்னா 12க்கு 18 தாராளமா வரும். லேப்ல குடுக்கும்போது கலர் கரெக்ஷன் வேண்டாம், அப்படியே போடுங்கன்னு கண்டிப்பா சொல்லிடுங்க, இல்லன்னா அங்க உக்காந்திருக்கறவர் பழக்கத்துல கொஞ்சம் வெளுத்து விட்டுடுவார். அந்த பழைய போட்டோவையும் சரி பண்ணக் குடுக்கறதா இருந்தா, கண்ணாடிலேர்ந்து நீங்களே பிய்க்காதீங்க, ஓதம் பட்டதுன்னா ஒட்டியிருக்கும், ஃபிரேமோட கொண்டு போங்க.