ஐந்து லட்சம் கடன் வாங்கி பி.எஸ்சி நர்சிங் சேர்க்கலாமா, அரசு டிப்ளமா போதுமா?

உசிலம்பட்டி அப்பா:
வணக்கம். மகள் பிளஸ் டூ முடித்திருக்கிறாள், நர்சிங் தவிர வேறு எதுவும் வேண்டாம் என்கிறாள். அரசுக் கல்லூரியில் பி.எஸ்சி கிடைக்கிற அளவுக்கு மார்க் இல்லை. தனியார் கல்லூரியில் நிர்வாக ஒதுக்கீட்டில் விடுதியோடு சேர்த்து வருடத்துக்கு ஒன்றேகால் லட்சம், நாலு வருடத்துக்கு 5 லட்சம் என்கிறார்கள். அரசு நர்சிங் பள்ளியில் மூன்று வருட டிப்ளமா கிடைக்க வாய்ப்பு இருக்கிறது. எனக்கு லோடு ஆட்டோ ஓட்டம்தான், சேமிப்பு இல்லை, முழுக்கக் கடன்தான் வாங்க வேண்டும். படித்தவர்கள், வேலையில் இருப்பவர்கள் சொல்லுங்கள்.

இரவுப்பணி:
அண்ணே, கடன் வேண்டாம். நானும் இப்படித்தான் சேர்ந்தேன். மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையில் முதல் சம்பளம் 13,000, மூன்றாவது வருடம் இப்போது கைக்கு வருவது 17,000. விடுதிக்கும் சாப்பாட்டுக்கும் 6,500 போய்விடும், தவணை 9,000. முதல் இரண்டு வருடம் பாதித் தவணையை அப்பாதான் கட்டினார், அதற்கு அவர் வெளியில் வட்டிக்கு வாங்கினார் என்பது எனக்குப் பிறகுதான் தெரியும். சேரும்போது வெளிநாட்டில் லட்சக்கணக்கில் சம்பளம் என்று எல்லோரும் சொன்னார்கள். ஆனால் படிப்பு முடிந்து ஒரு வருடத்தில் வங்கி தவணை கேட்கும், வளைகுடாவில் பெரும்பாலும் இரண்டு வருட அனுபவம் கேட்பார்கள். அந்த இடைப்பட்ட காலத்தை எப்படிக் கடப்பது என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை.

தோஹா வார்டு:
தங்கச்சி, உங்கள் கஷ்டம் புரிகிறது, ஆனால் நீங்கள் சொல்வது முதல் மூன்று வருடத்தை மட்டும். நர்ஸ் வேலை முப்பது வருடம் பார்க்கிற வேலை. நானும் 4 லட்சம் கடனில்தான் பி.எஸ்சி படித்தேன், சென்னையில் இரண்டரை வருடம் ஐசியூ, அப்புறம் கத்தார், வந்த பதினான்காவது மாதம் கடன் முடிந்தது. என்னோடு ஐசியூவில் இருந்த டிப்ளமா தோழி சவூதி அரசு மருத்துவமனைக்கு முயன்றபோது டிகிரி கேட்டார்கள், அவள் வேலையை விட்டு இரண்டு வருடம் போஸ்ட் பேசிக் (டிப்ளமா முடித்தவர்கள் டிகிரி வாங்குகிற படிப்பு) படிக்க வேண்டியதாயிற்று. நர்ஸ் வேலைக்கு எய்ம்ஸ் நடத்தும் நார்செட் தேர்வையே பாருங்கள், அடிப்படைச் சம்பளமே 44,900. பி.எஸ்சி முடித்துப் பதிவு செய்தால் எழுதலாம், டிப்ளமா என்றால் குறைந்தது 50 படுக்கை உள்ள மருத்துவமனையில் இரண்டு வருடம் வேலை பார்த்திருக்க வேண்டும்.

இரவுப்பணி:
அக்கா, நார்செட் நாடு முழுவதும் உள்ளவர்கள் எழுதுகிற தேர்வு. எங்கள் செட்டில் ஐம்பத்தெட்டு பேர், தேறியது ஒருத்தி. அதை நம்பி ஒரு லோடு ஆட்டோ குடும்பத்தைக் கடன் வாங்கச் சொல்லலாமா? நம் ஊர் எம்.ஆர்.பி. வேலையை, அதாவது தமிழக அரசின் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் எடுக்கும் நர்ஸ் வேலையைப் பாருங்கள். 2015இல் எடுத்தவர்களுக்கு மாதம் 7,700, அப்புறம் 14,000, போராடிப் போராடி 18,000. நிரந்தர ஊழியர்களுக்கான காலமுறை ஊதியத்துக்கு வருடக்கணக்கில் காத்திருக்கிறார்கள். கொரோனாவில் வேலை பார்த்தவர்களை 2022 டிசம்பர் 31உடன் நிறுத்தினார்கள். இதில் முக்கியமானது, அந்த வேலைக்கு டிப்ளமாவும் போகலாம், பி.எஸ்சியும் போகலாம், சம்பளம் ஒன்றுதான். தனியாரிலும் அப்படித்தான், எனக்கும் பக்கத்து வார்டு டிப்ளமா நர்ஸுக்கும் 1,000 ரூபாய்தான் வித்தியாசம். அந்த ஆயிரத்துக்கு 5 லட்சம் கடனா?

பழைய வங்கிக்காரர்:
நான் கல்விக்கடன் மேசையில் இருந்தவன், கணக்கை மட்டும் சொல்கிறேன். வட்டி 10.5 சதவீதம் என்று வையுங்கள். வருடம் ஒன்றேகால் லட்சமாக எடுத்தால், படிக்கும் நாலு வருடமும் அதற்கடுத்த ஒரு வருடமும் சேர்ந்து வட்டி மட்டும் ஏறத்தாழ 1.84 லட்சம். ஆக 5 லட்சம் 6.84 லட்சமாகிவிடும். ஏழு வருடத்தில் கட்டினால் மாதம் 11,500. பதினைந்து வருடத்துக்கு நீட்டினால் 7,550, ஆனால் மொத்தம் 13 லட்சத்துக்கு மேல் போகும். குடும்ப வருமானம் வருடத்துக்கு 4.5 லட்சத்துக்குள் இருந்தால் அந்தத் தொடக்க கால வட்டியை மத்திய அரசு மானியமாகத் தரும் திட்டம் உண்டு. அது கிடைத்தால் ஏழு வருடத் தவணை 8,400 ஆகக் குறையும். தம்பி, நிர்வாக ஒதுக்கீட்டு இடத்துக்கு அந்த மானியம் கிடைக்குமா என்று முன்பணம் கட்டுவதற்கு முன்பே வங்கிக் கிளையில் கேளுங்கள். மானியம் வரும் என்று நம்பி வாங்கிவிட்டுக் கடைசியில் என் மேசை முன்னால் அழுதவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

தோஹா வார்டு:
சார் சொன்ன 11,500ஐப் பார்த்தால் எனக்கும் கொஞ்சம் தயக்கமாகத்தான் இருக்கிறது, என் காலத்தில் ஃபீஸ் இவ்வளவு இல்லை. ஆனாலும் ஒன்று கேட்கிறேன். 17,000 சம்பளம் என்பது நாம் ஒத்துக்கொள்ள வேண்டிய விதியா? 2016இல் மத்திய அரசு அமைத்த குழு, 50 படுக்கைக்குக் குறைவான தனியார் மருத்துவமனையிலேயே 20,000க்குக் குறையக் கூடாது என்று பரிந்துரைத்தது. கேரளாவில் நர்சுகள் தெருவில் இறங்கிப் போராடி 2018இல் குறைந்தபட்சம் 20,000 என்று அரசாணையே வாங்கினார்கள். சம்பளம் குறைவு என்பதற்காக நம் பிள்ளைகள் படிப்பைக் குறைத்துக்கொண்டால் மருத்துவமனைக்காரர்களுக்குத்தான் வசதி.

இரவுப்பணி:
அக்கா, அதில் நான் உங்களோடு இருக்கிறேன். ஆனால் மாதம் பிறந்தால் தவணை கட்ட வேண்டியவள் எதிர்த்துப் பேச யோசிப்பாள். போன வருடம் டபுள் டூட்டிக்குக் காசு கேட்டதற்கு என் தோழியை வேலையை விட்டு நிற்கச் சொன்னார்கள். கடன் இல்லாததால் அவள் கிளம்பிவிட்டாள். நான் பேசாமல் நின்றேன், எனக்கு அது இன்றுவரை வலிக்கிறது. மூன்று வருட டிப்ளமா முடித்து, சம்பாதித்து, அப்புறம் போஸ்ட் பேசிக் படித்தால் டிகிரியும் வந்துவிடும். உங்கள் தோழி அதைத்தானே செய்தார்?

தோஹா வார்டு:
செய்தாள், ஆனால் அதற்குள் கல்யாணம், குழந்தை. இருபத்தொன்பது வயதில் விடுதியில் தங்கிப் படிப்பது லேசில்லை. டிப்ளமா என்று முடிவு செய்தால் போஸ்ட் பேசிக்கைத் தள்ளிப்போட விடாதீர்கள், அவ்வளவுதான் நான் சொல்வது.

உசிலம்பட்டி அப்பா:
எல்லோருக்கும் நன்றி. இன்று கல்லூரிக்குப் போய் நாலு வருட ஃபீஸையும் எழுதித் தாருங்கள் என்று கேட்டேன், இரண்டாம் வருடத்திலிருந்து கூடலாம், எழுதித் தர முடியாது என்றார்கள். வங்கியில் மானியம் பற்றிப் பிடிகொடுத்துப் பேசவில்லை. டிப்ளமாவுக்கு விண்ணப்பம் போட்டாயிற்று. மகள் அரசுப் பள்ளியில் படித்தவள், புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 வரும் என்று அவளே விசாரித்து வைத்திருக்கிறாள். டிகிரி இல்லையே என்று ராத்திரி அழுதாள். இரவுப்பணி பொண்ணு எழுதியதை வாசித்துக் காட்டினேன், அந்த அக்காவிடம் பேசலாமா என்று கேட்கிறாள்.

இரவுப்பணி:
தாராளமாக, அண்ணே. வியாழக்கிழமை எனக்கு ஆஃப். தனிச்செய்தியில் எண் அனுப்புகிறேன், காலை பத்து மணிக்கு மேல் கூப்பிடச் சொல்லுங்கள்.