கலைச்சொல் உதவி: ‘ஷியர் போல்ட்’ (வெள்ளிக்குள் வேண்டும்)

ஏர்க்கால் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். பழைய பண்ணைக் கருவிகளைக் கைச்செலவு மிஞ்சாமல் வாங்கிச் சீர்செய்து ஓட்டுவது பற்றி ஒரு கையேட்டை மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. மற்றதை எல்லாம் ஒருவழியாக ஒப்பேற்றிவிட்டேன். ‘ஷியர் போல்ட்’ மட்டும் இடக்குப் பண்ணுகிறது.

தெரியாதவர்களுக்காக: டிராக்டரின் பின்னால் சுழலும் பி.டி.ஓ. தண்டிலிருந்து, மண்ணைக் கிளறும் ரோட்டவேட்டருக்கோ புல்வெட்டிக்கோ விசை போகிற வழியில் ஒரு சின்ன போல்ட் இருக்கும். கத்தி பாறையிலோ வேரிலோ சிக்கினால் அது முறியும். தண்டு வெறுமனே சுற்றும், கியர் பாக்ஸ் தப்பிக்கும். முறிவதுதான் அதன் வேலை. ஆனால் முறிந்ததும் பெட்டியில் கிடக்கும் கெட்டி போல்ட் ஒன்றைப் போட்டு முடுக்கிவிட்டுப் போகிறவர்கள்தான் அதிகம். அடுத்த தடவை சிக்கும்போது கியர் பாக்ஸே போகிறது. கையேட்டில் இதற்கென்றே இரண்டு பக்கம். எனவே பெயரைக் கேட்டதுமே ‘இது உடைவதற்கென்று வைத்தது’ எனப் புரிய வேண்டும்.

நான் வைத்திருப்பது ‘முறியாணி’. சரிதானா?

பட்டறை எழுதியது:

சியர் போல்ட்டுன்னே போடுங்க தம்பி. கடையில அந்தப் பேரச் சொன்னாத்தான் சாமான் வரும். முறியாணின்னு கேட்டா பையன் முழிப்பான்.

வெண்டளை எழுதியது:

ஏர்க்கால் தம்பி, ‘முறியாணி’யைப் படித்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஒருவர் முறி + ஆணி என்று பிரிப்பார். இன்னொருவர் முறியா ஆணி என்று படிப்பார். முதலாவது வினைத்தொகை. இரண்டாவது ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம், அதாவது எந்நாளும் முறியாத ஆணி! நீங்கள் சொல்ல வந்ததற்கு நேர் எதிர். கெட்டி போல்ட் போடுகிறவர்களுக்கு நீங்களே சீட்டு எழுதிக் கொடுத்த மாதிரி ஆகிவிடும்.

வேர்ச்சொல் எழுதியது:

> முறியா ஆணி என்று படிப்பார்

அம்மா, மன்னிக்க வேண்டும். ஆகார ஈற்றின் முன் உயிர் வந்தால் வகர உடம்படுமெய்தானே வரும்? ‘இ ஈ ஐ வழி யவ்வும் ஏனை உயிர்வழி வவ்வும்’ என்று நன்னூல் தெளிவாகச் சொல்கிறது. முறியா + ஆணி ‘முறியாவாணி’ ஆகுமே தவிர ‘முறியாணி’ ஆகாது. இலக்கணப்படி குழப்பமே இல்லை.

வெண்டளை எழுதியது:

எனக்குக் குழப்பமில்லை ஐயா. ரோட்டவேட்டருக்கு அடியில் மல்லாந்து படுத்துக்கொண்டு, எண்ணெய்க் கையோடு பக்கம் புரட்டுகிறவர் நன்னூல் 162ஐ நினைத்துப் பார்த்துவிட்டா போல்ட் மாட்டுவார்?

ஏர்க்கால் எழுதியது:

அப்படியானால் ‘முறிவாணி’?

பட்டறை எழுதியது:

கலைவாணிக்குத் தங்கச்சியா?

வேர்ச்சொல் எழுதியது:

சிரிப்பு இருக்கட்டும். ‘முறி’ என்ற வேரையே விடுங்கள் என்கிறேன். தமிழில் முறி என்றால் தளிர், முறி என்றால் ஓலைச் சீட்டு. பொருள் சிதறிய சொல் அது. இதற்கு நேரான வேர் ‘இறு’. வள்ளுவர் சொன்னது என்ன?

பீலிபெய் சாகாடும் அச்சிறும் அப்பண்டம்
சால மிகுத்துப் பெயின்.

மயிற்பீலி ஏற்றிய வண்டியே ஆனாலும் அளவு மிஞ்சினால் ‘அச்சு இறும்’. பாரம் தாங்காமல் இயந்திர உறுப்பு முறிவதற்குத் தமிழ் வைத்திருக்கும் சொல் இதுதான். அச்சு போகும் முன்னே வேறொன்று போகட்டும் என்று வைப்பதுதானே இந்த ஆணி? ஆகவே ‘இற்றாணி’ அல்லது ‘அச்சிறுவி’. இறு என்பதிலிருந்துதான் இறுதி, இற, இறப்பு எல்லாம். இறை என்ற வரிப்பொருளையும் ‘இறுத்தல்’ என்றார்கள் என்பதை நினைத்தால், செலுத்துதல், ஒடித்தல், முடித்தல் மூன்றுக்கும் அடியில் ‘கணக்கு முடிந்தது’ என்ற ஒரே கருத்து ஓடுவது தெரியும். இந்த ஆணியும் கியர் பாக்ஸுக்காக வரி இறுக்கிறது. இதைவிடப் பொருத்தம் வேறு எதில் கிடைக்கும்?

வெண்டளை எழுதியது:

வள்ளுவர் வண்டியில் ஷியர் போல்ட் இல்லை, அதனால்தான் அச்சு இற்றது! குறளை எடுத்தது அழகு. ஆனால் ‘இற்று’ பேச்சில் ‘இத்து’ ஆகிவிட்டது. இத்துப்போன தகரம், இத்துப்போன கயிறு என்போம். இற்றாணி என்றால் துருப்பிடித்து மக்கிய ஆணி என்றுதான் காதில் விழும். தூக்கிக் குப்பையில் போட்டுவிடுவார்கள்.

அச்சு என்றதும் புறநானூற்று ஔவை பாட்டு ஒன்று நினைவுக்கு வருகிறது. மேடு பள்ளத்தில் என்ன ஆகுமோ என்று உப்பு வணிகரான உமணர் தம் வண்டியின் கீழ்மரத்தில் ‘சேம அச்சு’ ஒன்றைக் கட்டிக்கொண்டு போவார்கள். உபரிப் பாகத்துக்கு அன்றைக்கே சொல் இருந்திருக்கிறது. கையேட்டில் ‘ஸ்பேர்’ வரும் இடத்தில் எல்லாம் ‘சேமப் பாகம்’ போடலாமே தம்பி?

ஏர்க்கால் எழுதியது:

அம்மா, போடுகிறேன். ‘சேம போல்ட் நாலைந்தை டிராக்டரின் கருவிப் பெட்டியிலேயே வைத்திருங்கள்’ என்று ஒரு வரி வருகிறது, அங்கே அச்சாகப் பொருந்தும். ஆனால் எந்த போல்ட்டை என்பதுதான் இன்னும் நிற்கிறது. நாள் ஓடுகிறது.

குறுக்குவெட்டு எழுதியது:

இரண்டு நாளாக இழையைப் படித்துவருகிறேன். இயந்திரவியல் வகுப்பெடுக்கிறவன் என்ற முறையில் சில.

முதலாவது, இங்கே நடப்பது வெறும் ‘முறிவு’ அல்ல. கம்பியை இழுத்து அறுப்பது ஒன்று, குச்சியை வளைத்து ஒடிப்பது வேறு. இரண்டு தகடுகள் எதிரெதிர்ப் பக்கம் நகர்ந்து, நடுவில் நிற்கும் போல்ட்டைக் கத்தரி போல நறுக்குகின்றன. ‘ஷியர்’ என்பது இதுதான். பாடநூல்கள் இதற்குச் சறுக்குப்பெயர்ச்சித் தகைவு என்கின்றன. இலங்கைப் பாடநூல்களில் தகைவு என்ற இடத்தில் தகைப்பு வரும். முறைப்படி சொல்வதென்றால் ‘சறுக்குப்பெயர்ச்சி மரையாணி’. சொல்லி முடிப்பதற்குள் கியர் பாக்ஸ் போய்விடும் என்பது எனக்கே தெரியும், யாரும் பதில் எழுத வேண்டாம். என் முன்மொழிவு ‘நறுக்கு மரையாணி’.

இரண்டாவது, ‘ஆணி’ என்று மட்டும் முடியும் எந்தச் சொல்லையும் எதிர்க்கிறேன். ஆணி என்றால் ஆணியையே அடித்துவிடுவார்கள். ஆணி துளைக்குள் தொளதொளவென்று ஆடும். ஒவ்வொரு அதிர்வுக்கும் துளையின் ஓரத்தை இடித்து முட்டை வடிவமாக்கிவிடும். பிறகு சரியான போல்ட்டைப் போட்டாலும் அது சீக்கிரமே முறிந்துகொண்டிருக்கும். துளையைப் பெரிதாகக் கடைந்து புஷ் (உள்வளையம்) அடித்தால்தான் தீரும்.

மூன்றாவது, கையேட்டில் எண்கள் சரியாக இருக்கட்டும். போல்ட் தலையில் 4.6, 8.8, 10.9 என்று பொறித்திருக்கும். முதல் எண்ணை நூறால் பெருக்கினால் இழுவலிமை, மெகாபாஸ்கலில். நறுக்கத்தைத் தாங்குவது தோராயமாக அதில் 60 விழுக்காடு. 8 மி.மீ. போல்ட்டில் மரை இல்லாத உடலின் வெட்டுப் பரப்பு சுமார் 50 சதுர மி.மீ. ஆக 4.6 போல்ட் ஏறத்தாழ 12,000 நியூட்டனில் நறுங்கும். 8.8 ஆனால் 24,000, 10.9 ஆனால் 30,000. தலையில் உள்ள எண்ணைப் பார்க்காமல் மாட்டினால் பாதுகாப்பு இரண்டரை மடங்கு தள்ளிப்போகிறது. அதற்குள் பற்சக்கரத்தில் பல் இருக்காது. மரை ஏறிய பகுதி நறுக்கும் தளத்தில் விழுந்தாலும் கணக்கு தப்பும். அங்கே பரப்பு சுமார் 37தான், அதனால் சும்மா சும்மா முறியும். முறிகிறதே என்று எரிச்சல்பட்டுக் கெட்டி போல்ட்டுக்குப் போகிறவர்களில் பலருக்கு உண்மையான நோய் இதுதான்.

பட்டறை எழுதியது:

சார் சொன்னதுல ஒண்ணு சேக்கணும். எப்பவும் மெது போல்ட்டுதான்னு எழுதிறாதீங்க. சில மிஷினுக்கு 8.8தான் போடச் சொல்லிப் புக்குலயே இருக்கும். அதுல 4.6 போட்டா சால் முடியறதுக்குள்ள நாலு தடவை இறங்கி ஏறணும். புக்குல என்ன நம்பரோ அதேதான்.

இன்னொண்ணு. பழைய ரோட்டவேட்டர் வாங்கப் போறவன் பெயிண்டப் பாக்கக் கூடாது, இந்தப் போல்ட்டத்தான் மொதல்ல பாக்கணும். 10.9 மாட்டியிருந்தா, இல்ல துளையில வெல்டு வெச்சு அடைச்சிருந்தா, அந்த மிஷின் அடி வாங்கின மிஷின். கியர் பாக்ஸ் வடிகால் திருகக் கழட்டி ரெண்டு சொட்டு எண்ணெய விரல்ல தேச்சுப் பாக்கணும். வெள்ளி மாதிரி மினுக்குச்சுன்னா உள்ள பல்லு தேயுதுன்னு அர்த்தம். தண்டைக் கையால முன்ன பின்ன அசைச்சு ஆட்டம் எவ்வளவுன்னும் பாக்கணும். அதுக்கப்புறம் வெலை பேசுங்க.

முறிஞ்ச துண்டு உள்ளேயே மாட்டிக்கிட்டா, துளை ரெண்டையும் நேருக்கு நேர் கொண்டாந்து பஞ்ச் வெச்சுத் தட்டினா வெளிய வந்துரும். இஞ்சினை அணைச்சு, சாவிய எடுத்துப் பையில போட்டுக்கிட்டுத்தான் கைய உள்ள விடணும். பேரு என்ன வெச்சாலும் இத மொதல்ல போடுங்க.

ஏர்க்கால் எழுதியது:

பட்டறை அண்ணா, எண்ணெய் வரியை அப்படியே எடுத்துக்கொள்கிறேன். மூல நூலில்கூட இவ்வளவு தெளிவாக இல்லை.

வேர்ச்சொல் எழுதியது:

‘நறுக்கு’ காய்கறிக்கு. தவிர, ‘நறுக்கு மரையாணி’ என்றால் எதையோ நறுக்கும் ஆணி என்று செய்வினையாக ஒலிக்கிறது. இது நறுக்கப்படுவது. ‘நறுங்காணி’ வேண்டுமானால் தன்வினை.

குறுக்குவெட்டு எழுதியது:

நறுங்காணி என்றால் மணமுள்ள காணி நிலம் என்று படிப்பார்கள். விட்டுவிடுங்கள்.

‘பலியாணி’ பற்றி யாரும் பேசவில்லையே? கப்பலின் அடியில் துத்தநாகக் கட்டி வைத்து எஃகைக் காப்பதைப் பலி நேர்மின்வாய் என்று வகுப்பில் சொல்வேன், மாணவர்கள் மறப்பதே இல்லை. மற்றதைக் காக்கத் தான் போவது என்ற கருத்து அதில் அப்படியே இருக்கிறது.

வேர்ச்சொல் எழுதியது:

பலி வடசொல்.

வெண்டளை எழுதியது:

சங்கப் பாட்டிலேயே பலி இருக்கிறது ஐயா. தொல்காப்பியரும் வடவெழுத்தை ஒருவிய வடசொல்லை ஏற்றவர்தான். என் தயக்கம் வேறு. இயந்திரம் பக்கத்தில் ‘பலி’ என்று எழுதி வைத்தால் வாங்குகிறவர் பயந்து ஓடிவிடுவார்.

மட்டுறுத்துநர் எழுதியது:

நண்பர்களே, நாளை வெள்ளி. ஏர்க்காலுக்கு ஏதாவது ஒன்றைக் கொடுத்துவிட்டு, வேர் ஆராய்ச்சியைத் தனி இழையில் தொடரலாம்.

ஏர்க்கால் எழுதியது:

எனக்கு இப்போது ‘முறி போல்ட்’ தோன்றுகிறது. கடையில் ‘போல்ட்’ புரியும், வயலில் ‘முறி’ புரியும். முறியாத என்று யாரும் படிக்க வழியில்லை. ஆணியை அடிக்கவும் மாட்டார்கள். முதல் தடவை வரும் இடத்தில் ‘கடையில் சியர் போல்ட் என்று கேளுங்கள்’ என்று சேர்த்துவிடுகிறேன்.

பட்டறை எழுதியது:

இது பரவால்ல. நானே சொல்லிப் பாத்தேன், வாயில வருது.

குறுக்குவெட்டு எழுதியது:

நறுக்கம் என்ற கருத்து போய்விட்டது. ஆனாலும் சரி, எதிர்ப்பில்லை. படத்தின் கீழாவது ‘நறுக்கும் தளம்’ என்று குறியுங்கள்.

வெண்டளை எழுதியது:

ஒப்புக்கொள்கிறேன், மனமில்லாமல். வல்லின மெய்யில் தமிழ்ச் சொல் முடியாது, எனவே குறைந்தது ‘போல்ட்டு’ என்றாவது எழுத வேண்டும். லகர மெய்க்குப் பின் டகரம் மயங்குவதும் தமிழில் இல்லை. அதையும் திருத்தினால் ‘போட்டு’ என்று ஆகிவிடும் என்பதால் அதைக் கேட்கவில்லை. ஒன்று மட்டும்: இது வினைத்தொகை. நடுவில் ஒற்று மிகாது. அச்சகத்தில் யாராவது ‘முறிப் போல்ட்’ என்று ‘ப்’ செருகினால் ஓலைச் சீட்டு போல்ட் ஆகிவிடும். மெய்ப்புத் திருத்துகிறவரிடம் சொல்லி வையுங்கள்.

வேர்ச்சொல் எழுதியது:

கலப்புச் சொல்லுக்கு என் வாக்கு இல்லை. பாதி தமிழ், பாதி இரும்புக்கடை. இன்று போல்ட் என்று விட்டால் நாளை நட், வாஷர், ஸ்பிரிங் என்று வரிசை கட்டி வரும். திருகாணி, மரை, சுரை எல்லாம் நம்மிடம் இருக்கும்போதே இந்த நிலை. என் அகராதிக் கோப்பில் ‘அச்சிறுவி’ என்றே பதிவு செய்துவிட்டேன்.

பட்டறை எழுதியது:

தம்பி, அதே பக்கத்துல ஸ்லிப் கிளட்ச் பத்தி எழுதியிருக்கீங்களா? போல்ட்டு முறியறதுக்குப் பதிலா தகடு வழுக்கற மாதிரி சில மிஷின்ல இருக்கும். சீசன் முழுக்கச் சும்மா நின்னா தகடு துருப்பிடிச்சு ஒட்டிக்கும். அப்புறம் அது வழுக்காது, இருந்தும் இல்லாத மாதிரிதான். ஓட்டறதுக்கு முந்தி ஸ்பிரிங் நட்டுகள லூஸ் பண்ணி, தகடு ஓரமா குறுக்க சாக்பீஸ் கோடு ஒண்ணு போட்டு, சில நொடி பி.டி.ஓ. விட்டு நிறுத்திப் பாக்கச் சொல்லுங்க. கோடு விலகியிருந்தா வழுக்குதுன்னு அர்த்தம். அப்புறம் நட்டுகளப் பழைய அளவுக்கே முடுக்கணும்.

ஏர்க்கால் எழுதியது:

இருக்கிறது அண்ணா, சாக்பீஸ் கோடு மட்டும் இல்லை. சேர்த்துவிட்டேன். ஸ்லிப் கிளட்சுக்கு ‘வழுக்குக் கிளட்ச்’ போட்டிருக்கிறேன், தயவுசெய்து இந்த முறை யாரும் எதுவும் சொல்ல வேண்டாம்.

வெண்டளை எழுதியது:

அங்கே மட்டும் ‘க்’ எப்படி வந்தது தம்பி? வழுக்கு என்பதைப் பெயராகக் கொண்டீர்களா, வினையாகவா?

வேர்ச்சொல் எழுதியது:

‘நழுவி’ என்று வைத்தால் ஒற்றுப் பிரச்சினையே இல்லை.

ஏர்க்கால் எழுதியது:

கோப்பு அச்சகத்துக்குப் போய்விட்டது.