பைன் மரமும் செம்பருத்தியும்: ஒப்பீட்டை எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி:
தாவரவியல் தேர்வுக்காகப் பைன் மரத்தையும் செம்பருத்தியையும் ஒப்பிட்டு எழுத வேண்டியுள்ளது. ஒன்று நெடிதுயர்ந்த மரம், மற்றொன்று புதர்ச்செடி; ஒன்றுக்கு ஊசியிலை, மற்றொன்றுக்கு அகன்ற இலை என்பதோடு என் குறிப்பு நின்றுவிடுகிறது. பைன் கூம்பையும் ஒரு வகைப் பூவாகக் கொள்ளலாமா என்பதிலும் எனக்குத் தெளிவில்லை.

மறுமொழி 1:
சூல், அதாவது பின்னர் விதையாக மாறும் பகுதி, எங்கே இருக்கிறது என்பதிலிருந்து தொடங்குங்கள். செம்பருத்திப் பூவை நெடுக்காகப் பிளந்து பார்த்தால், மகரந்தத்தாள்கள் ஒன்றிணைந்த குழலின் நடுவே சூலகத்தண்டு செல்வதையும், அதன் அடியில் ஐந்து அறைகள் கொண்ட சூற்பைக்குள் சூல்கள் பொதிந்திருப்பதையும் காணலாம். பைனின் பெண் கூம்பில் சூற்பையே கிடையாது. ஒவ்வொரு செதிலின் மேற்புறத்திலும் இரண்டு சூல்கள் மூடப்படாமல் அமைந்துள்ளன. சூற்பை இல்லாததால் கனியும் உருவாவதில்லை. ஆகவே கூம்பைப் பூ என்று எழுதிவிடாதீர்கள், மதிப்பெண் போய்விடும்.

மறுமொழி 2:
மகரந்தத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பைனின் மகரந்தத்துகளுக்கு இருபுறமும் காற்றுப்பைகள் உண்டு. காற்றை மட்டுமே நம்பியிருப்பதால் அம்மரம் அதனை அளவின்றி உதிர்க்கிறது. செம்பருத்தியின் துகள் பெரியது, முட்கள் நிறைந்தது. தேன் தேடி வரும் பறவையின் மீதும் பூச்சியின் மீதும் ஒட்டிக்கொள்ள ஏற்றது. பைனில் மகரந்தச்சேர்க்கைக்கும் கருவுறுதலுக்கும் இடையே ஏறத்தாழ ஓராண்டு கழிகிறது என்பது பலரும் எழுத மறக்கும் செய்தி. செம்பருத்தி போன்ற பூக்கும் தாவரங்களில் இரட்டைக் கருவுறுதலின் (ஓர் ஆண் செல் முட்டையோடும் மற்றொன்று மையச் செல்லோடும் இணைவது) விளைவாகவே கருவுக்கு உணவாகும் கருவூண் திசு தோன்றுகிறது. பைனில் கருவுக்கு உணவளிக்கும் திசு கருவுறுதலுக்கு முன்பே உருவாகிவிடுகிறது.

மறுமொழி 3:
மேலே உள்ள இரண்டும் சரியே. ஆனால் உயரத்தை வேறுபாடாக எழுதுவதை நான் ஏற்கமாட்டேன். ஜூனிபர் கூம்புத் தாவரமாக இருந்தும் அதன் பல இனங்கள் புதராகவே வளர்கின்றன. போதாக்குறைக்கு அதன் சதைப்பற்றுள்ள கூம்பு பார்ப்பதற்குப் பழம் போலவே இருக்கும். உயரத்துக்குப் பதிலாகத் தண்டின் உள்ளமைப்பை எழுதுங்கள்: பைனின் சைலத்தில் (நீர் கடத்தும் திசு) நீரைக் கடத்துபவை டிரக்கீடுகள் எனும் முனை மூடிய நீண்ட செல்கள் மட்டுமே, செம்பருத்தியில் அவற்றுடன் சைலக் குழாய்களும் உள்ளன. செய்முறைக் குறிப்பு கேட்டால் கவாத்தைக் குறிப்பிடலாம். செம்பருத்தியை எவ்வளவு தாழ்வாக வெட்டினாலும் பொதுவாகத் துளிர்த்துவிடும். பைன் கிளையை இலையற்ற பழைய பகுதிவரை வெட்டினால், பெரும்பாலான இனங்களில் அங்கிருந்து புதுத்தளிர் வராது.