தண்ணீர் தெளித்தேன், சுர்ரென்றது: வீட்டில் கார் பிரேக் பார்த்த அனுபவங்கள்

சத்துவாச்சாரியிலிருந்து:

போன ஏப்ரலில் தங்கச்சியைக் காட்பாடியில் ரயிலேற்றிவிட்டுத் திரும்பினேன். கிரீன் சர்க்கிள் சிக்னலில் நின்றபோது ஏதோ கருகுகிற வாசனை. வேலூர் வெயிலில் தார் ரோடே அப்படித்தான் நாறும் என்று விட்டுவிட்டேன். ஆனால் பிரேக்கைத் தொடாமலே வண்டி இடப்பக்கம் இழுத்தது. மைலேஜும் குறைந்திருந்தது.

ஒரு ஒர்க்‌ஷாப்பில் காட்டினேன். சக்கரத்தைக் கழற்றிக்கூடப் பார்க்கவில்லை. "ரெண்டு காலிப்பரும் போச்சு சார், டிஸ்க்கும் மாத்திடலாம்" என்று 14,000 ரூபாய்க்கு எழுதிக் கொடுத்தார்கள். (டிஸ்க் என்பது சக்கரத்தோடு சுழலும் இரும்புத் தட்டு. பேட் என்ற உரசுபட்டைகளால் அதை இருபுறமும் கவ்விப் பிடிப்பது காலிப்பர்.) வண்டிக்கு வயது பதினொன்று. யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன்.

மறுநாள் விடியற்காலையில் பாகாயம் வரை போய் வந்தேன், முடிந்தவரை பிரேக் மிதிக்காமல். மிதிக்காமலே எந்தச் சக்கரம் சூடாகிறதோ, அதில்தான் பிரேக் விடாமல் உரசுகிறது. வாசலில் நிறுத்தி நாலு சக்கரத்திலும் தண்ணீர் தெளித்தேன். மூன்றில் சத்தமே இல்லை. முன் இடதில் மட்டும் சுர்ரென்று ஆவி வந்தது. ஆக, கோளாறு ஒரு சக்கரத்தில்தான். ரெண்டு காலிப்பர் எதற்கு?

ஞாயிற்றுக்கிழமை சமதரையில் நிறுத்தி, பின் சக்கரங்களுக்குக் கட்டை போட்டு, நட்டுகளைத் தரையிலேயே தளர்த்திவிட்டு ஜாக்கி வைத்தேன். கீழே ஸ்டாண்டும் கொடுத்தேன். காலிப்பரைக் கழற்றியதும் விஷயம் விளங்கிவிட்டது. வெளிப்பக்க பேடில் 7 மில்லிமீட்டர் மீதி இருக்கிறது, உள்பக்க பேடில் 2-க்கும் கீழே. காலிப்பர் நகர்வதற்கு இரண்டு ஸ்லைடு பின் இருக்கும். மேல் பின் வெண்ணெயாக வந்தது. கீழ் பின் அசையவில்லை. அதன் ரப்பர் உறை கிழிந்து, உள்ளே காபித்தூள் மாதிரி துரு. 2021 நவம்பரில் பாலாற்றில் வெள்ளம் போன சமயம், முழங்கால் தண்ணீரில் இந்த வண்டியை ஓட்டியிருக்கிறேன். அப்போதே ஆரம்பித்திருக்கும் போல.

துருவெடுக்கும் ஸ்பிரே அடித்து, ஸ்பேனரால் இப்படியும் அப்படியும் திருப்பித் திருப்பி அரை மணி நேரம் போராடினேன். வந்தது. எமரி பேப்பரால் தேய்த்து, புது ரப்பர் போட்டு, சிலிகான் கிரீஸ் தடவினேன். வீட்டிலிருக்கும் சாதா கிரீஸைத் தடவாதீர்கள், அது ரப்பரை ஊதவைத்து மறுபடி இறுக்கிவிடும். காலிப்பரை ஹோஸில் (அதற்கு பிரேக் ஆயில் கொண்டுவரும் ரப்பர் குழாய்) தொங்கவிடாமல், கொடிக்கம்பியால் ஸ்பிரிங்கில் கட்டி வைத்தேன். பேடைத் தள்ளும் பிஸ்டனை கிளாம்ப் வைத்து அழுத்தியபோது வழுவழுவென்று உள்ளே போனது, அதனால் காலிப்பர் மாற்றவில்லை. டிஸ்க்கில் கீறல், அலை எதுவும் இல்லை. ஓரத்தில் அச்சடித்திருக்கும் குறைந்தபட்ச தடிமனுக்கு மேலேயே இருந்தது.

பேட் மட்டும் இரு பக்கமும் மாற்றினேன். பேட் 1,150, ரப்பர் 180, கிரீஸ் 120, பிரேக் ஆயில் 290. மொத்தம் 1,740 ரூபாய்.

ஒரு தப்பும் செய்தேன். பேட் மாற்றினால் வண்டியை நகர்த்தும் முன் பெடலைப் பலமுறை மிதித்துக் கெட்டியாக்க வேண்டும். மறந்துவிட்டு ரிவர்ஸ் எடுத்தேன். பெடல் தரைவரை போனது. ஹேண்ட் பிரேக்கை இழுத்ததால் துளசி மாடம் பிழைத்தது. அம்மா இன்னும் அதைச் சொல்லிக் காட்டுகிறார்.

வாணியம்பாடியிலிருந்து:

அண்ணே, எனக்கு பெடல் தரைக்குப் போனது ஏலகிரி இறக்கத்தில். பதினாலு கொண்டை ஊசி வளைவு, நான் மூன்றாவது கியரில் பிரேக்கை மட்டும் நம்பி இறங்கினேன். பாதிக்கு மேல் வந்ததும் பெடல் பஞ்சாகிவிட்டது. முதல் கியருக்குத் தள்ளி, ஹேண்ட் பிரேக்கைப் பிடித்துப் பிடித்து ஓரங்கட்டினேன். அரை மணி நேரத்தில் பெடல் பழையபடி கெட்டி! பேய் பிடித்துவிட்டுப் போனது போல இருந்தது.

காரணம் பிரேக் ஆயில். ஆறு வருஷமாக மாற்றவில்லை, டப்பாவில் டிகாக்‌ஷன் நிறம். இந்த ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். டாட் 3 என்ற தரத்து ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் ஏறியபின் அது 140 வரை இறங்கலாம். கொதித்தால் குழாயில் ஆவி, ஆவியை அழுத்தினால் அமுங்கும், பிரேக் பிடிக்காது. ரெண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்வது இதனால்தான்.

நானும் அக்கா பையனும் வீட்டிலேயே மாற்றினோம். தூரத்துச் சக்கரமான பின் இடதில் ஆரம்பித்தோம். (ஆயில் டப்பா வலப்பக்கம் இருக்கிற வண்டி. சில வண்டிகளில் வரிசை வேறு, கையேட்டைப் பாருங்கள்.) நிப்பிளில் (சக்கரத்துப் பிரேக்கிலிருந்து ஆயிலை வெளியேற்றும் சின்னத் திருகு) டியூப் மாட்டி, மறுமுனையை ஆயில் ஊற்றிய பாட்டிலில் முக்கினேன். "மிதி" என்றால் அவன் மிதிப்பான், நான் திறப்பேன். நான் மூடி "விடு" என்ற பிறகுதான் காலை எடுக்க வேண்டும். பயல் போனைப் பார்த்துக்கொண்டே ஒரு தடவை முன்னாலேயே எடுத்துவிட்டான், காற்று உள்ளே போய் முதலிலிருந்து. டப்பாவில் ஆயில் வற்றவிட்டாலும் இதே கதிதான். ஃபெண்டரில் சிந்தியதைத் துடைக்காமல் சாப்பிடப் போனேன், இப்போது அங்கே பெயின்ட் இல்லை. சிந்தியதும் தண்ணீர் ஊற்றிக் கழுவியிருக்க வேண்டும்.

குடியாத்தத்திலிருந்து:

எங்கள் வண்டியில் வேறு மாதிரி. சிக்னலில் காலை வைத்தபடி நின்றால் பெடல் மெதுவாக இறங்கிக்கொண்டே போகும். காற்று என்று நினைத்து இரண்டு முறை ஏர் எடுத்தோம், பிரயோஜனமில்லை. வெளியே ஒரு சொட்டு ஒழுக்கு இல்லை, டப்பாவில் அளவும் குறையவில்லை. பெடலை மிதித்தால் ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டருக்குள் ரப்பர் தேய்ந்து ஆயில் உள்ளுக்குள்ளேயே தாண்டிப் போயிருக்கிறது. அதை நான் தொடவில்லை. நோயைக் கண்டுபிடித்துக்கொண்டு போனதால் மெக்கானிக்கிடம் பேச வசதியாக இருந்தது, அவ்வளவுதான்.

ராணிப்பேட்டையிலிருந்து:

லாரி ஷெட்டில் முப்பது வருஷம் இருந்தவன். சத்துவாச்சாரி தம்பி, சூட்டோடு டிஸ்க்கில் தண்ணீர் படக்கூடாது, கோணிப்போகும். ரிம் பக்கத்தில் கை காட்டினாலே சூடு தெரியும்.

எல்லாரும் ஒன்றை மறந்துவிட்டீர்கள். பெடல் கல் மாதிரி இருந்தால், என்ஜின் உறிஞ்சலை வைத்துக் கால் அழுத்தத்தைக் கூட்டிக் கொடுக்கும் பூஸ்டரைப் பாருங்கள். என்ஜினை நிறுத்தி நாலைந்து தடவை மிதித்து, காலை எடுக்காமல் ஸ்டார்ட் செய்தால் பெடல் கொஞ்சம் இறங்க வேண்டும். இறங்காவிட்டால் முதலில் அதற்கு உறிஞ்சல் கொண்டுவரும் வேக்குவம் ஹோஸைப் பாருங்கள், அது மலிவு. செங்கல் அடுக்கி வண்டியைத் தூக்குகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள், செங்கல் பொட்டென்று உடையும். சடன் பிரேக்கில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ்ஸின் விளக்கு எரிந்தால் வீட்டு வேலை அல்ல.

அப்புறம் தம்பி, அந்த இடது சக்கரம் மறுபடி சூடாகிறதா? அப்படியென்றால் ரப்பர் ஹோஸ் உள்ளே ஊதியிருக்கலாம். ஆயில் போகும், திரும்பாது. சக்கரம் இறுகியிருக்கும்போது நிப்பிளைத் திறந்து பார். உடனே சுற்றினால் ஹோஸ்தான்.

சத்துவாச்சாரியிலிருந்து:

ஐயா, லேசாகச் சூடாகிறது என்று நானே கேட்க இருந்தேன். இன்று தூக்கி, பெடலை மிதித்துவிட்டுச் சுற்றிப் பார்த்தேன், இறுக்கம். நிப்பிளைத் திறந்ததும் ஒரு பீச்சு பீச்சிவிட்டு சக்கரம் தடையில்லாமல் சுற்றியது. ஹோஸ் நாளைக்குத்தான் கிடைக்கும். வண்டி ஸ்டாண்ட் மேல் நிற்கிறது, அம்மா துளசி மாடத்துக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார்.