பிளஸ் டூ பிள்ளைகளுக்குச் சொந்தத் தொழில் ஆசை எங்கிருந்து வருகிறது? உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

பாலக்கோடு ஆசிரியை

பாலக்கோடு பக்கம் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் வணிகவியல் எடுக்கிறேன். அடுத்து என்ன என்று கேட்டால் போலீஸ், நர்சிங், ஓசூர் கம்பெனி என்றுதான் பதில் வரும். சொந்தமாகத் தொழில் செய்வேன் என்கிறவர்கள் வகுப்புக்கு ஒன்றிரண்டு பேர். அந்த ஒன்றிரண்டு பேருக்கு அது எப்படித் தோன்றியது என்று கவனிப்பது எனக்கு வழக்கம்.

போன வருடம் ஒரு மாணவி. வீட்டில் அம்மாவும் பாட்டியும் புளி தட்டுகிறவர்கள். வியாபாரி மூட்டையை இறக்கிவிட்டுப் போவார். ஓடு நீக்கி, நார் உரித்து, கொட்டை எடுத்துக் கொடுத்தால் கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி. லாப நட்டக் கணக்கு நடத்திய வாரத்தில் இந்தப் பெண் நோட்டின் கடைசிப் பக்கத்தில் வீட்டுப் புளிக்குக் கணக்குப் போட்டிருந்தாள். ஓட்டோடு வாங்கும் விலை, கழிவு, கூலி, கொட்டை நீக்கிய புளியின் விலை எல்லாம் இருந்தது. மாவு மில்லுக்குப் போகும் கொட்டையின் விலையைக்கூட விடவில்லை. "மிஸ், கூலி போக இவ்ளோ நிக்குது. நாமளே மூட்டை எடுத்தா என்ன?" என்றாள்.

பாட்டி சம்மதிக்கவில்லை. "வச்சிருந்தா புளி கறுத்துடும், குளிர்பதனக் கிடங்கு வாடகை யார் குடுப்பா?" என்று கேட்டாராம். அந்தக் கேள்வியையும் அவள் கணக்கில் ஒரு வரியாகச் சேர்த்துக்கொண்டு வந்தாள். எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

ஆல்பர்ட் பண்டூரா என்ற உளவியலாளர் 1977-இல் எழுதியது இங்கே பொருந்துகிறது. தன்னால் முடியும் என்ற நம்பிக்கை முதலில் தானே செய்து பார்ப்பதில் வருகிறது. அப்புறம் தன்னைப் போன்ற ஒருவர் செய்வதைப் பார்ப்பதில். அடுத்தவர் சொல்லும் ஊக்கப் பேச்சுக்கு வலு அதைவிடக் குறைவு. நாம் பள்ளிகளில் செய்வதோ பெரும்பாலும் பேச்சு மட்டும்தான்.

ராயக்கோட்டை விவசாயி

டீச்சர், என் வீட்டுக் கதை வேறு. பையன் பத்தாவது. தக்காளிக்கு நல்ல விலை கிடைத்த வருடத்தையும் பார்த்தான், பறிக்கிற கூலிக்குக்கூடக் கட்டாமல் செடியிலேயே விட்ட வருடத்தையும் பார்த்தான். மனதில் நின்றது இரண்டாவதுதான். "மாசம் பொறந்தா சம்பளம் வர்ற வேலை போதும்ப்பா" என்கிறான். தொழில் செய்கிற வீட்டுப் பிள்ளை தொழிலுக்குத்தான் வரும் என்று பொதுவாகச் சொல்கிறார்கள். கடன் கொடுத்தவர் வாசலில் வந்து நிற்பதைப் பார்த்த பிள்ளைக்கு அந்த ஆசை எப்படி வரும்? அவனைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஓசூர் பட்டறைக்காரர்

அண்ணா, உங்கள் பையன் கேட்பதில் தப்பே இல்லை. நானும் ஐடிஐ முடித்துவிட்டு கம்பெனிக்குத்தான் போனேன். ஓசூருக்கு 1970-களில் சிப்காட் என்ற அரசுத் தொழிற்பேட்டை வந்தது. பெரிய கம்பெனிகளுக்கு உதிரிபாகம் செய்து தரும் சிறு பட்டறைகளும் பின்னாலேயே வந்தன. அப்படி ஒன்று என் மாமாவுடையது. பத்தாவது லீவில் அங்கே போய், லேத்தில் கடைந்த பீஸ்களில் பிசிறு எடுத்துக் கொடுப்பேன். ஒரு நாள் டிராயிங்கை என் கையில் கொடுத்து, "இந்தப் பீஸுக்கு என்ன ரேட் சொல்லலாம், நீயே போடு" என்றார். ராடு எடை எவ்வளவு, கடையும்போது சுருளாகப் போவது எவ்வளவு, மெஷின் எத்தனை நிமிடம் ஓடும், கரண்ட், ஆள்கூலி என்று பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கேட்டார். அந்த ரேட்டுக்கே ஆர்டர் வந்தது. எனக்கு ஆசை வந்த நாள் அதுதான்.

அதற்காகக் கம்பெனியில் இருந்த வருடங்கள் வீண் இல்லை. தரம் பார்க்கவும் சொன்ன தேதிக்குச் சரக்குக் கொடுக்கவும் அங்கேதான் பழகினேன். மாவட்டத் தொழில் மையத்தில் கடன் திட்டம் எதற்கு விண்ணப்பித்தாலும் குறைந்தது 18 வயது ஆகியிருக்க வேண்டும். பத்தாவது பையனுக்கு இப்போது அவசரம் ஒன்றும் இல்லை, அண்ணா.

காவேரிப்பட்டணத்திலிருந்து ஓர் அம்மா

நாங்கள் நிப்பட்டு (தட்டை) போட்டுக் கடைகளுக்குக் கொடுக்கிறோம். மகள் பிளஸ் ஒன். உணவுப் பாதுகாப்புப் பதிவு எண் போட்டு லேபிள் அடிப்பது, எந்தக் கடையில் எவ்வளவு பாக்கி என்று எழுதி வைப்பது எல்லாம் அவள்தான். ஆசை அவளுக்கு நிறையவே இருக்கிறது. சொந்தக்காரர்கள்தான் "பொம்பளப் பிள்ளைக்கு எதுக்கு இந்த அலைச்சல், டீச்சருக்குப் படிக்க வை" என்பார்கள். ஒருமுறை அவள் அப்பா அவர்கள் முன்னாலேயே "அவ விருப்பம்" என்று சொல்லிவிட்டார். மாணவர்கள் குழுவாகப் புது யோசனைகளைச் செய்து பார்க்கும் பள்ளிப் புத்தாக்க மேம்பாட்டுத் திட்டத்துக்குக் குழு சேர்த்தபோது மகள் தானாகவே போய்ப் பெயர் கொடுத்தது அதற்குப் பிறகுதான்.

பாலக்கோடு ஆசிரியை

அக்கா, உங்கள் வீட்டுக்காரர் சொன்ன அந்த ஒரு வார்த்தை சின்ன விஷயம் இல்லை. ஐசெக் அய்சென் என்ற உளவியலாளர் 1991-இல் எழுதிய கட்டுரையில், நம்மால் முடியுமா என்பதோடு, நெருங்கியவர்கள் என்ன நினைப்பார்கள் என்பதும் ஒருவருடைய எண்ணத்தைத் தீர்மானிக்கும் என்கிறார். என் மாணவியின் பாட்டியை நினைத்துக்கொண்டேன். இனி பெற்றோர் கூட்டத்தில் மார்க் பேசி முடித்ததும் இதையும் பேசப் போகிறேன்.

ஓசூர் தம்பி, பிளஸ் ஒன் பிள்ளைகளை ஒரு நாள் உங்கள் பட்டறைக்குக் கூட்டி வரலாமா? ஆர்டர் இல்லாத நாளாக இருந்தாலும் சரி, அதையும் பார்க்கட்டும். மெஷினோடு சேர்த்து உங்கள் பில் புக்கையும் காட்டுங்கள். முடிந்தால் மாமாவையும் வரச் சொல்லுங்கள், ஒரு டிராயிங்கோடு.